இருபது கிலோ அரிசியும் ஹிக்ஸும்

திருப்போரூர் ரேஷன் கடையில் பல அரிசி அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ இலவச அரிசி. 2011 ஜூன் முதல் தமிழ்நாடு முழுக்க அரிசி அட்டைக்கு அரிசி இலவசம்தான். முதுகலை நுண்ணியல் பொருளாதார வகுப்புக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது. அரிசியைக் கிடை அச்சிலும் மற்றச் செலவைச் செங்குத்திலும் வைத்து விலைக்கோடு வரைந்தால், 20 கிலோ வரை கோடு தட்டையாக ஓடி, பிறகு சரிகிறது. மாதம் 30 கிலோ பொங்குகிற வீட்டுக்கு இந்த அரிசி, அதன் விலையைப் பணமாகக் கையில் கொடுத்ததற்குச் சமம். 10 கிலோ போதும் என்கிற வீட்டுக்கு அப்படி இல்லை. மிச்சத்தை விற்றால்தான் அந்த வீட்டுக்கும் பணத்துக்குச் சமமாகும். விற்கவோ சட்டம் விடாது.

இந்தக் கணக்கு அரசு கலைக் கல்லூரிகளின் எம்.ஏ. வினாத்தாளில் வருமா? ‘சமநோக்கு வளைகோடுகளின் பண்புகளை விளக்குக’ என்றுதான் வரும். கௌட்சோயானிஸ், அஹுஜா புத்தகங்களிலிருந்து குறிப்பெடுத்து, படம் போட்டு, பக்கம் நிரப்பினால் மார்க். தமிழிலேயே எழுதலாம் என்பது பெரிய விஷயம். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் அந்த வழியாகத்தான் வந்தார்கள். ஆனால் அங்கே கோட்பாடு கட்டுரையாகவே நின்றுவிடுகிறது. ஒரு தேற்றத்தைத் தானே நிறுவிப் பார்க்காமலே முதுகலை முடித்துவிடலாம்.

1993-இல் ராஜா செல்லையா முன்னின்று தொடங்கிய, சென்னைக் கோட்டூரின் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் நிலைமை தலைகீழ். அங்கே போகிறவர் வேரியனின் பாடநூலையும், மஸ்-கொலெல், வின்ஸ்டன், கிரீன் மூவரும் 1995-இல் எழுதிய தலையணைப் புத்தகத்தையும் தாண்டியாக வேண்டும். 23 அத்தியாயங்கள், ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பக்கங்கள். முதல் பக்கத்திலிருந்தே கணம், சார்பு, நிரூபணம். மாணவருக்கு வயது இருபத்தொன்று இருபத்திரண்டு. முழுநேரப் படிப்பு. கண் நெட் தேர்வின்மீதோ, இந்தியப் பொருளாதாரப் பணியின்மீதோ, வெளிநாட்டுப் பிஎச்.டி.மீதோ. லக்ராஞ்சி முறையில் கணக்கைச் சுத்தமாகப் போட்டுவிடுவார்கள். ரேஷன் அரிசி அந்தக் கணக்கில் எங்கே உட்காரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்யவைத்தவர். அந்தப் பழக்கம் கோட்பாட்டுத் தாளுக்குள் நுழையவே இல்லை.

இலங்கையில் இதே கணக்குக்கு ரத்தக்கறை உண்டு. 1953-இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் உயிர்கள் போயின. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1979-இல் பங்கீட்டை நிறுத்தி உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையின் மதிப்பு ரூபாயில் நிலையாக இருந்தது, விலைவாசி இருக்கவில்லை. புதிய விலையில் பழைய திருப்தியைத் தக்கவைக்க ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஈடு கொடுக்க வேண்டும்? பொருளியலாளர் ஹிக்ஸின் பெயரில் வரும் ஈட்டுத் தேவை வளைகோடு பதில் சொல்ல முயல்வது இந்தக் கேள்விக்குத்தான். அந்த ஹிக்ஸ் இலங்கையின் பொருளாதாரச் சிக்கல்கள் பற்றி எழுதிய கட்டுரை, வருகைதந்த பொருளியலாளர்களின் தொகுப்பாக 1959-இல் கொழும்பில் அச்சாகியிருக்கிறது. ஜோன் ரொபின்சனும் கால்டரும் அதே தொகுப்பில் இருக்கிறார்கள்.

ஆனால் இலங்கையில் பொருளியல் படிக்கிற முறை வேறு. 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பட்டத்துக்கு ஆள் தயாரித்தது. 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்தது. கனமான கோட்பாடு நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்குள்ளேயே வந்துவிடும். அதற்கு மேல் படிப்பதென்றால் கேம்பிரிட்ஜுக்கோ லண்டனுக்கோ கப்பலேறுவது என்றுதான் ஒரு தலைமுறை நினைத்தது. இன்றும் முதுமாணி எனப்படும் முதுகலை பெரும்பாலும் உத்தியோகத்தில் இருப்பவர்களின் படிப்பு: மத்திய வங்கியிலோ அமைச்சிலோ வேலை, சனி ஞாயிறு விரிவுரை. தேசியத் தகைமைச் சட்டகத்தில் ஒன்பதாம் மட்டம், 30 திறமைப்புள்ளி, ஓராண்டு. முதற்பட்டம் இலவசம், இதற்குக் கட்டணம். 2022-இல் கியூஆர் காட்டி எரிபொருள் வரிசையில் நின்ற ஒருவர் பங்கீட்டு விலை, நிழல் விலை என்று கேட்டால் உதாரணம் தேட வேண்டியதில்லை. அவரிடம் இல்லாதது நேரம். வார நாள் அலுவலகத்துக்கும் ஞாயிறு விரிவுரைக்கும் நடுவே நிரூபணத்தை நாலு தடவை போட்டுப் பார்க்க முடியாது. ஒப்பிட்டால் நான் இலங்கைப் பக்கம்தான் சாய்வேன்: நிரூபணத்தைப் பின்னால் கற்கலாம்.

நிரூபணம் கற்கிற இடமும் தூரத்தில் இல்லை: திருப்போரூரில் பஸ் ஏறி வடக்கே போனால் கேளம்பாக்கம், படூர் தாண்டி சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம். பொதுச் சமநிலை உண்டு என்று நிறுவ உதவும் நிலைப்புள்ளித் தேற்றங்கள் அங்கே கணித மாணவருக்குப் பழகிய சரக்கு. எம்.ஏ. பொருளாதார மாணவர் அந்த நிறுத்தத்தில் இறங்கும்படி எந்தப் பாடத்திட்டமும் சொல்வதில்லை.

இப்போது இந்தியாவும் இலங்கை வடிவத்துக்கு நகர்கிறது. நான்காண்டு இளநிலை முடித்தவருக்கு ஓராண்டு முதுகலை போதும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2024 வரைமுறை. இரண்டாண்டு ஓராண்டானால் கோட்பாட்டுத் தாள் ஒரு பருவத்துக்குள் சுருங்கும். அப்போது முதலில் வெட்டுப்படுவது பொதுச் சமநிலை; அடுத்தது, ஏற்கெனவே யாரும் சரியாக நடத்தாத ஏல அமைப்பும் தகவல் பொருளியலும்.