தேதி வாரியாக அயோத்திதாசர்

ஏழு வருடமாக ராயப்பேட்டை வழியாகத்தான் ஆபீஸ் போய்வருகிறேன். 1907 ஜூன் 19, ஒரு புதன்கிழமை, இங்கிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகை வரத் தொடங்கியது என்பது முப்பது வயசு தாண்டித்தான் எனக்குத் தெரியவந்தது. ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர். பெயரிலேயே விலை இருந்தது. அடுத்த வருடம் பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. 1914இல் இறக்கும்வரை அவர் அதை நடத்தினார்.

ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இல்லையென்றால், என் தலைமுறைக்கு இவர் வெறும் ஒரு பெயர்தான். அதுக்கும் முன்னால் ஒரு வேலை சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய ‘தமிழன்’ இதழ்களைத் தொலைக்காமல் வைத்திருந்தார்கள். கல்விப்புலம் அவரைத் தேடாத காலத்தில் அவருக்கு ஆவணக் காப்பகமாக இருந்தவை அந்த வீடுகள்தான்.

இவ்வளவு கடன்பட்டும் எனக்கு இந்தத் தொகுப்போடு ஒரு சண்டை உண்டு. முதல் தொகுதி அரசியல், சமூகம். இரண்டாவது சமயம், இலக்கியம். நல்லவேளையாக, கட்டுரைகளின் கீழே இதழ் தேதி இருக்கிறது. வேலை புத்தி சும்மா விடவில்லை. தலைப்பையும் தேதியையும் எக்செலில் ஏற்றி, தேதி வாரியாக அடுக்க ஆரம்பித்தேன். அப்போது வேறொரு ஆள் தெரிந்தார்.

சுதேசி இயக்கத்தின் மீதான விமர்சனம் ஒரு தொகுதியில் இருக்கிறது, பௌத்தம் பற்றிய எழுத்து இன்னொன்றில். காசு கொடுத்து வாராவாரம் வாங்கியவருக்கு இரண்டும் ஒரே பத்திரிகையில் வந்தவை. நாடு யாருடையது என்று கேட்பதும், சாதிக்கு முன்பு நாங்கள் பௌத்தர்களாக இருந்தோம் என்பதும் அவருக்கு ஒரே வாதத்தின் இரண்டு பக்கம். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பௌத்தர் என்று பதியச் சொன்னாரே, அதை எங்கே வைப்பது? அரசியலிலா, சமயத்திலா? ஒரு கோப்பை ஒரு ஃபோல்டரில்தான் வைக்கலாம் என்ற விதி இந்த இடத்தில் உடைந்துபோகிறது. அந்தப் பிரிவினையை ஏற்காததுதானே அவருடைய அரசியல்!

இன்னொன்று. வாசகர் கேள்விக்கு அவர் எழுதிய பதில்களைப் படிக்கும்போது, கேள்வி கேட்டவர் யார் என்றுதான் என் மனசு போகிறது. எங்கே வேலை பார்த்தார்? பத்திரிகையை யாருக்கு வாசித்துக் காட்டினார்? சிந்தனையாளரின் தொகுப்பில் அவர் பதிலுக்கான சாக்காக நின்றுவிடுகிறார். பத்திரிகையாகப் பார்த்தால் அவரும் அதை உண்டாக்கியவர்களில் ஒருவர். இந்த நகரத்தின் எழுதப்படாத வரலாறு அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

1999இல் அலாய்சியஸ் செய்தது சரிதான். ஒதுக்கப்பட்ட ஒருவரைச் சிந்தனையாளர் வரிசையில் உட்கார வைக்க அப்படி ஒரு தலைப்பும் அடுக்கும் தேவைப்பட்டன. அந்த வாதம் இன்று ஜெயித்துவிட்டது. இனி நமக்கு வேண்டியது பத்திரிகை: பிறர் எழுதியது, கடிதம், விளம்பரம் எல்லாம் சேர்த்து, வந்த வரிசையிலேயே. முதல் பக்கத்தில் அதைக் காப்பாற்றி வைத்தவர்களின் பெயர்களும் வேண்டும். ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில்.