நாவலுக்குள் வராத கன்னியாஸ்திரீ

கன்னியாஸ்திரீயைப் பற்றி எழுத உட்காருகிற நாவலாசிரியனுக்குக் கண்ணில் படுவது மடத்தின் வாசல் கதவு ஒன்றுதான். ஏன் உள்ளே போனாள், எப்போது வெளியே வருவாள் என்ற இரண்டு கேள்விகளில் கதை முடிந்துவிடுகிறது. திதரோவின் சூஸான் பலவந்தமாக மடத்தில் அடைக்கப்பட்டுத் தப்பி ஓடுகிறாள். ரூமர் காடன் 1939-இல் எழுதிய 'பிளாக் நார்ஸிஸஸ்' நாவலில் இமயமலையில் மடம் நடத்தப் போனவர்கள் முடியாமல் திரும்பிவிடுகிறார்கள். காத்ரின் ஹியூமின் 'தி நன்ஸ் ஸ்டோரி' 1956-இல் வந்தது. ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த படமாகப் பலர் பார்த்திருப்பார்கள். அதிலும் கடைசியில் கதவு திறக்கிறது.

மூன்றும் நல்ல நாவல்கள்தாம். ஹியூம் ஒருவராவது ஆஸ்பத்திரி வேலையைப் பொறுமையாகக் காட்டுகிறார். ஆனால் அங்கேயும் வேலை என்பது கீழ்ப்படிதலுக்கு வைத்த பரீட்சையாகவே வருகிறது.

நானும் இதைச் செய்திருக்கிறேன். என் பழைய கதை ஒன்றில் ஒரு கன்னியாஸ்திரீயின் பெட்டிக்குள் ஒரு காதல் கடிதத்தை வைத்தேன். வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். டையன் டிரூஃபன்பிராக் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் கடிதத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

1929-இல் பிறந்தவர். பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரீ. கணக்கு வாத்தியாரம்மா. 1980-இல் அமெரிக்க சோஷலிஸ்டுக் கட்சியின் உபஜனாதிபதி வேட்பாளராக நின்றார். ஜனாதிபதிக்கு நின்ற டேவிட் மெக்ரெனால்ட்ஸ் யுத்த எதிர்ப்பாளர். தன்பாலின நாட்டம் உள்ளவர் என்பதை ஒளிக்காதவர். கன்னியாஸ்திரீ அவரோடு ஒரே சீட்டில் பெயர் போட்டுக்கொண்டார்.

அவர் வாழ்ந்த மில்வாக்கி சோஷலிஸ்டு மேயர்கள் மூவரைக் கண்ட ஊர். கடைசி மேயரான ஃபிராங்க் ஸைட்லர் 1960 வரை இருந்தார். அங்கே சோஷலிஸம் என்றால் சாக்கடை, குடிநீர், பூங்கா. இது தெரியாத நாவலாசிரியன் அந்த அம்மாளுக்கு ஒரு மனமாற்றக் காட்சி எழுதிக் கெடுத்துவிடுவான்.

மோதலுக்கும் குறைவில்லை. நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான சோஷலிஸ்டாகவும் ஒருவர் ஒருங்கே இருக்க முடியாதென்று 1931-இலேயே போப் பதினொன்றாம் பயஸ் எழுதிவிட்டார். 1980-இலோ, அமெரிக்கக் காங்கிரஸில் அங்கத்தினராக இருந்த டிரைனன் பாதிரியாரை மறுபடி நிற்கக் கூடாதென்று ரோமாபுரி தடுத்தது; அவரும் கீழ்ப்படிந்தார். நம் எழுத்தாளர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள். என்னை உறுத்துவது வேறு.

அந்தத் தேர்தலில் ரீகனுக்கு ஏறக்குறைய 4.39 கோடி ஓட்டு. இவர்களுக்கு 7,000-க்கும் குறைவு. அதே சோஷலிஸ்டுகளின் பழைய தலைவர் டெப்ஸ் 1920-இல் சிறையில் இருந்தபடியே 9 லட்சத்துக்கு மேல் வாங்கியவர். கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு முடிவு முன்கூட்டியே தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் நின்றார். முடிவு தெரிந்த காரியத்தில் நாவலுக்கு என்ன வேலை?

ஜபம் செய்து பழகியவர்களுக்குப் பலன் ஒரு பொருட்டல்ல என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவரை வகுப்பறையில் வைத்தே யோசிக்கத் தோன்றுகிறது. பின் பெஞ்சில் நாலு பேருக்குப் புரியப்போவதில்லை என்று தெரிந்தும் அதே கணக்கை மறுபடி கரும்பலகையில் முதல் வரியிலிருந்து போடுகிறவருடைய மனசு எப்படிப்பட்டது? அதை எழுத எனக்குத் தைரியம் வந்ததில்லை.

2013-இல் அவர் காலமானார். அண்மையில் என் பழைய கதையைத் தொகுப்புக்குக் கேட்டார்கள். கடிதத்தை எடுத்துவிட்டுக் கொடுக்கலாமென்று படித்துப் பார்த்தேன். என் கன்னியாஸ்திரீ ஒரு பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். என்ன பாடம் நடத்தினாள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.