அப்பாவின் போனில் ஓர் எண்

லவ்டேலில் ஒரு பிற்பகல், பத்தாம் வகுப்புப் பெண்களோடு இணையவழித் துன்புறுத்தல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உதவி எண்களைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இதுக்குக் கூப்பிட்டா அப்பா போன்ல நம்பர் காட்டுமே?" மற்றவர்கள் சிரித்தார்கள். என்னிடம் பதில் இல்லை. டிஜிட்டல் தற்கொலைத் தடுப்பு என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஏற்பாடு முழுவதையும் அந்தக் கேள்வியிலிருந்து திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு லவ்டேல் என்றால் 1858இல் தொடங்கிய உறைவிடப் பள்ளி, மலை ரயில் நிற்கும் சின்ன ஸ்டேஷன். இந்த மலையின் எஸ்டேட் லைன் வீடுகளில் வளரும் பெண்ணுக்குப் போன் என்பது இரவல் பொருள். அது அப்பாவுடையது, அல்லது அண்ணனுடையது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது படிப்பின் பெயரால் அது அவள் கைக்கு வந்தது. ஏதாவது சிக்கல் என்றால் முதலில் பறிக்கப்படுவதும் அதுதான். அடுத்துப் பள்ளிக்கூடம், அதற்கடுத்துக் கல்யாணப் பேச்சு. இந்த வரிசை அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லமாட்டாள்.

விழிப்புணர்வுச் சுவரொட்டிகளின் மொழியைக் கவனியுங்கள். "தயங்காதே", "மனம்விட்டுப் பேசு", "தைரியமாக இரு" என எல்லா வினையும் அவளை நோக்கியே ஏவப்படுகிறது. படத்தை மார்ஃபிங் செய்தவனுக்கோ, அதை அடுத்த குழுவுக்கு அனுப்பியவர்களுக்கோ, புகாரை வாங்கி மேசையில் வைத்திருப்பவருக்கோ ஒரு வரிகூட இல்லை. ஊரே சேர்ந்து செய்த வன்முறை, அவளுடைய மனச்சோர்வாகப் பெயர் மாறிவிடுகிறது. மனச்சோர்வு உண்மைதான், அதற்குச் சிகிச்சையும் வேண்டும். ஆனால் காயத்துக்கு மருந்து போடுகிறவர், கல்லெறிகிற கையையும் பிடிக்க வேண்டும்.

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 21 வயதுப் பட்டதாரிப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. படம் நீங்கக் காத்திருந்த நாட்களிலேயே இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் தற்கொலையால் இறந்தார். பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்று மருத்துவர்கள் சொல்வது சரியே. ஆனால் இங்கே புகார் கொடுக்கப்பட்டிருந்தது. "பேசு" என்ற கட்டளை நிறைவேற்றப்பட்டிருந்தது. கேட்டவர்கள்தான் அசையவில்லை.

அதன் பிறகு கருவிகள் வந்திருக்கின்றன. 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், மார்ஃபிங் செய்த ஆபாசப் படங்களை நீக்க நிறுவனங்களுக்கு 24 மணி நேரக் கெடு விதித்தன. பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் புகார் தரலாம். 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்களுக்காக 2023இல் 'டேக் இட் டவுன்' என்ற அமெரிக்கச் சேவை வந்தது. படம் போனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து உருவாக்கிய ஓர் எண்கோவை மட்டும் போகும். அதைக் கொண்டு, சேவையில் சேர்ந்த தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்கும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாட்ஸாப் குழுக்களுக்குள் அது எட்டாது. நம் ஊர்களில் மானம் ஏலம் போவது பெரும்பாலும் அங்கேதான்.

ரகசியம் காப்பது எவ்வளவு முக்கியம் என்பதை, மலைக்குக் கீழே கோவை மாவட்டத்துப் பொள்ளாச்சி வழக்கு காட்டியது. 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியிட்டார். அரசாணையிலும் அது இடம்பெற்றது. இனி யார் புகார் கொடுப்பார்கள் என்று அன்று கேட்டோம். 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை. அடையாளம் காக்கப்பட்டு, துணையும் கிடைத்தால் பெண்கள் பேசுகிறார்கள். தைரியம் அவர்களிடம் எப்போதும் இருந்தது.

இன்னொரு சான்று சென்னையிலிருந்தே இருக்கிறது. தற்கொலைக்கு முயன்று ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளுக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு செய்தது. சென்னையும் கொழும்பும் அதில் உண்டு. 1986இல் சினேகா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அதில் பங்கேற்றார். ஒரு பிரிவினருக்குச் சிறு ஆலோசனை தந்து, பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ போனிலோ நலம் விசாரித்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, அந்தப் பிரிவில் தற்கொலை இறப்புகள் மிகக் குறைவு. அவள் அழைக்கட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. தேடிப் போய்க் கேட்டார்கள். நம் செயலிகள் இதைக் கற்கவேண்டும்.

எண்கள் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. டெலிமானஸ் 14416 எந்நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930. இவற்றை வைத்திருக்க வேண்டியது அவள் மட்டுமல்ல. ஆசிரியை, சத்துணவு அக்கா, பக்கத்து லைன் சித்தி எல்லோரும் வைத்திருக்க வேண்டும். "நீ தப்பு பண்ணல, உன் போனையும் படிப்பையும் யாரும் பிடுங்க விடமாட்டேன்" என்று முதலில் சொல்லிவிட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புகாரைத் தானே பதிய வேண்டும். மறுநாளும் அவளைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "காட்டும் கண்ணு. அதனால என் போன்லேர்ந்து கூப்பிடு. நானும் பக்கத்துல இருக்கேன்."