மீண்டதா, எஞ்சியதா?

"போன நோய் திரும்ப வந்துவிட்டது" என்பது, மலக்குடற் புற்றுக்கு அறுவை செய்துகொண்டோரைப் பற்றிப் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வழங்கும் தொடர். எழுத்தில் இதனையே 'நோய் மீண்டது' என்பர். இவ்வழக்குப் பொருந்துமா என்பது சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. மலேசியாவில் 2012 முதல் 2016 வரை பதிவான புற்றுநோய்களுள் பெருங்குடல், மலக்குடற் புற்று இரண்டாம் இடத்தது. ஆடவரிடையே அதுவே முதலிடத்தது.

'மீள்' என்பது இருபுறமும் சாயும் வினை. நோயாளி மீண்டார் எனின் நன்மை. நோய் மீண்டது எனின் கேடு. அதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. மீள்வது எதுவாயினும் முன்னர் நீங்கியிருத்தல் வேண்டும். கிள்ளானுக்குப் போனவன்தான் கிள்ளானிலிருந்து மீள்வான். இப்புற்றோ பெரும்பாலும் போவதே இல்லை. கண்ணுக்குப் புலப்படாமல் தங்கியிருந்து, வளர்ந்த பின் வெளிப்படுகிறது.

மருத்துவ வரலாறே இதற்குச் சான்று. இலண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ், கீழ்வழியாக மலக்குடலை அகற்றிய 57 பேருள் 54 பேரிடம் புற்று மறுபடி தோன்றக் கண்டார். நிணநீர் செல்லும் வழிகளில் புற்று எஞ்சியமையே காரணம் எனத் தெளிந்து, வயிற்று வழியும் கீழ்வழியும் சேர்ந்த அறுவையை 1908இல் வெளியிட்டார். 1982இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து மருத்துவர் பில் ஹீல்ட், மலக்குடலைப் போர்த்துள்ள கொழுப்புறையில் எஞ்சும் நுண்புற்றைச் சுட்டிக்காட்டி, அவ்வுறையைக் கிழியாமல் முழுமையாக எடுக்க வேண்டும் என்றார். 2001இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், இம்முறை அறுவை மட்டும் பெற்றோருள் ஈராண்டில் 8.2 விழுக்காட்டினருக்கு அவ்விடத்தே புற்று தோன்றிற்று. அறுவைக்கு முன் கதிர்மருத்துவமும் பெற்றோருக்கு 2.4 விழுக்காடே. எஞ்சுவது குறைய, 'வருவது'ம் குறைந்தது.

ஆகவே 'எச்சம்' என்பதே பொருந்தும் சொல். வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர், பகையின் எச்சத்தைத் தீயின் எச்சத்தோடு ஒப்பிடுவார். பெயரெச்சமும் வினையெச்சமும் நடத்தும் ஆசிரியருக்கு, முடிவு பெறாமை என்னும் பொருளை விளக்க வேண்டுவதில்லை. பறவை எச்சத்தை நினைந்து மாணவர் நகைப்பரே எனலாம். அதுவும் குடலைப் பற்றிய பேச்சில்! 'நோயெச்சம்' என ஒட்டி எழுதின் அவ்விடர் நீங்கும். மருத்துவர் விட்டுவைத்தார் என்னும் பழி வருமே என்பது இன்னும் வலிய தடை. ஆயினும் அறுவை நாளன்றே ஈரலிலோ நுரையீரலிலோ சில உயிரணுக்கள் தங்கியிருக்கக்கூடும். அவை எவர் கைக்கும் அகப்படா. எஞ்சிய குடலில் புதிதாய் முளைக்கும் புற்று வேறு. அதனைப் 'புதுப்புற்று' என்றே சொல்லுதல் முறை.

'வந்துவிட்டது' என்னும் சொல், வந்ததற்குக் காரணம் தேட வைக்கிறது. பத்தியம் தவறியது என்பர், கத்தி பட்டதால் பரவியது என்பர், தலையெழுத்து என்பர். 'போய்விட்டது' என்னும் சொல் அதனினும் கொடிது. அதனை நம்பியவர், புண் ஆறியதும் மருத்துவமனைப் படியேறுவதை நிறுத்திவிடுவர். பின்னர்க் குருதி கசிந்தாலும் மூலம் என எண்ணி மருந்துக்கடைக்குச் செல்வர். நோயெச்சம் பெரும்பாலும் முதல் மூன்றாண்டுகளில் வெளிப்படுவது. அதனாலேயே சி.இ.ஏ. குருதிச் சோதனை, சி.டி. படம், ஓராண்டளவில் குடலை உள்நோக்கிப் பார்த்தல் என ஐந்தாண்டுக் கண்காணிப்பு வகுத்துள்ளனர். ஈரலில் சிறிதாய் இருக்கையிலேயே கண்டு, மறுபடி அறுத்து அகற்றி நலம் பெற்றோரும் உளர்.

கோலாலம்பூர் மருத்துவமனைகளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டதை, வீட்டுப் பெரியவருக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு மகனுக்கோ மகளுக்கோ வந்து சேர்கிறது. "தெரிந்த புற்றை எடுத்துவிட்டார்கள் அப்பா, எச்சம் உண்டா என்று ஐந்தாண்டு பார்க்க வேண்டும்" என்று சொல்ல, தமிழ்ப்பள்ளியில் கற்ற சொற்களே போதும்.