குந்தவைக்கு வானதி யார்?

'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. கல்கி முடித்துவிட்டார், வாசகர்கள் இன்னும் முடிக்கவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சியே எழுதினார். இன்று ஃபோனில் தட்டச்சு செய்து ஏற்றப்படும் ஃபேன்ஃபிக் எல்லாம் அந்த வரிசையில் வருபவைதான்.

நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை காதல் கதைகள். நட்பை மையமாக வைத்தவை கொஞ்சம். அவற்றிலும் பல ஒரே இடத்தில் சொதப்புகின்றன. குந்தவையும் வானதியும் நந்தவனத்தில் உட்கார்ந்து அருள்மொழியைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம் வந்தியத்தேவனைப் பற்றிப் பேசுவார்கள். "அக்கா, நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்?" என்று ஒரு வசனம், ஒரு கண்ணீர். முடிந்தது.

இப்படிப்பட்ட கதைகளுக்கு நான் வைக்கிற டெஸ்ட் எளிமையானது. அருள்மொழியையும் வந்தியத்தேவனையும் தூக்கிவிட்டுப் பாருங்கள், மீதி ஓடுகிறதா? எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அந்த நட்பு முழுக்க வேறொன்றின் மேல் டிபென்டன்ஸி. அதை எடுத்தால் எரர்தான்.

இதற்குக் காரணம் உண்டு. காதல் கதைக்கு ஒரு கேள்வி இனாமாகக் கிடைக்கிறது: சேருவாங்களா, மாட்டாங்களா? நண்பர்கள் ஏற்கெனவே சேர்ந்தவர்கள். அவர்களுக்கான கேள்வியை எழுதுபவர்தான் தேடவேண்டும். நம் மரபும் இதில் அதிகம் உதவவில்லை. தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்கிறது. அத்தனை நெருக்கம்! ஆனால் அகப்பாடல்களில் அவள் தூது போவதும் வாதாடுவதும் தலைவியின் காதலுக்காகவே. புறத்தில்தான் வேறு வழி கிடைக்கிறது. நேரில் பார்த்தே இராத பிசிராந்தையாருக்காக, வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். வருவாரா? அந்த ஒரு கேள்வி போதும், நட்பு கதையாகிவிடுகிறது.

குந்தவை–வானதிக்கு அப்படி ஒரு கேள்வி இருக்கிறதா? இருக்கிறது, கல்கியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வானதி எங்கள் மாவட்டத்துப் பெண். விராலிமலைப் பக்கம் இருக்கும் கொடும்பாளூர்தான் அவள் ஊர். நாவலில் அவள் தந்தை சோழர்களுக்காக ஈழப்போரில் இறந்தவர். பெரியப்பா பெரிய வேளார், ஒரு பெரும் படையின் தலைவர். அப்பா இல்லாத பெண்ணைக் குந்தவை பழையாறையில் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அவளைத் தன் தம்பிக்கே மணமுடிக்கவும் நினைக்கிறாள். அப்படியானால் இந்தப் பாசத்தில் வானதிக்கு எவ்வளவு, கொடும்பாளூர்ப் படைக்கு எவ்வளவு? குந்தவைக்கே பதில் தெரியுமா? இதற்காக அவளை வில்லியாக்க வேண்டியதில்லை. இரண்டும் உண்மையாக இருக்கலாம். அதுதான் கஷ்டம்.

பூங்குழலியின் குத்தல் பேச்சுக்குப் பதிலாக, அரியணையில் ஒருநாளும் உட்காரமாட்டேன் என்று வானதி சபதம் எடுக்கிறாள். தியாகம் என்றே இதைப் படித்துப் பழகிவிட்டோம். எனக்கு இது குந்தவையின் திட்டத்திலிருந்து வானதி வெளியே வைக்கிற முதல் அடியாகப் படுகிறது. பயந்து மயங்கி விழும் பெண், அக்காவைக் கேட்காமல் தானே எடுத்த முடிவு.

இந்த உறவைக் காதலாகவே எழுதுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நட்பாக எழுதுவேன் என்பவர்களிடம் மட்டும் ஒன்று கேட்பேன். காதல் இல்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள், என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். கடன், அதிகாரம், நன்றி, எரிச்சல், விட்டுப்போக முடியாமை. சபதத்துக்குப் பிறகு இருவரும் முதன்முறை தனியாக இருக்கும் இரவிலிருந்து தொடங்கலாம். அருள்மொழி பெயரை யாரும் எடுக்கக்கூடாது.