செதில் உதறிய சிறகு

செண்பகத்தோப்பு மலையடிவாரத்திலோ, ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் தோப்பு வழியிலோ, மழை பெய்து ஓய்ந்த நாட்களில் வெயில் ஏறியபின் உண்ணிப்பூப் புதர் முன் சற்று நில்லுங்கள். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும் ஒன்று கண்ணில் படலாம். தேன்சிட்டுக் குஞ்சு என்பார் ஒருவர், பெரிய வண்டு என்பார் இன்னொருவர். உண்மையில் அது பருந்து அந்துப்பூச்சி. 1771-இல் லின்னேயஸ் விவரித்த இதன் இன்றைய அறிவியல் பெயர் செஃபோனோடெஸ் ஹைலாஸ். இந்தியா, இலங்கை தொடங்கி ஜப்பான் வரை இதன் நடமாட்டம் உண்டு. பருந்து அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை இரவாடிகள். இது பட்டப்பகலில் திரிகிறது.

சிறகைப் பாருங்கள், அங்கேதான் விசேஷம். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போது அதன்மேல் சாம்பல் செதில்கள் படிந்திருக்கும். முதல் பறத்தலிலேயே அவை தூளாக உதிர்ந்துவிடும். மிஞ்சுவது கரிய நரம்போடிய கண்ணாடி. வண்ணத்துப்பூச்சியின் அழகெல்லாம் விரலில் ஒட்டும் அந்தத் தூளில்தான் இருக்கிறது. இதுவோ தூளை உதறியபின்தான் அழகாகிறது! அந்தக் கண்ணாடியும் பறக்கையில் தெரியாது, வெறும் அதிர்வாகக் கரைந்துவிடும். அப்போது கண்ணுக்குக் கிடைப்பது உடல் மட்டும்: பாசிப்பச்சை முதுகு, வயிற்றுக்குக் குறுக்கே செம்பழுப்புப் பட்டை, பின்நுனியில் விரியும் கருங்குஞ்சம். கொசுவத்திபோல் சுருண்டிருந்த உறிஞ்சுகுழல் நீண்டு பூவின் அடிவரை இறங்கும். கொட்டும் வண்டின் தோற்றம் இருந்தாலும் இதற்குக் கொடுக்கில்லை. வெறும் வேஷம்தான், ஆனால் நல்ல வேஷம்.

தேனுக்கு எந்தப் பூவானாலும் சரி, முட்டையிடக் காப்பிக் குடும்பத்துச் செடிதான் வேண்டும்: பாவட்டை, கார்டீனியா, காப்பி. வளர்ந்த புழு மண்ணுக்கோ சருகுக்கோ இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே பூ மட்டும் போதாது. புதரும் அதனடியில் கூட்டப்படாத சருகும் இருக்க வேண்டும். செண்பகத்தோப்பை ஒட்டிய ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமானது; 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அணிலும் புலியும் வாங்கித் தந்த காவலில் பாவட்டைப் புதரும் பிழைத்துக்கொள்கிறது.

வீட்டுக் கார்டீனியாவில் வாலருகே ஒற்றைக் கொம்போடு இந்த அந்துப்பூச்சியின் பச்சைப் புழு இலை தின்பதைக் கண்டால் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். அந்தக் கொம்பு குத்தாது. இலை தின்னப்பட்ட செடி மறுபடி துளிர்க்கும்.