செவிலியரின் பேனா டார்ச்

மூளையில் பெரிதாக ரத்தக்கசிவு ஏற்பட்டு நினைவிழந்தவரால் தலை வலிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. அவருக்காகப் பேசுவது கண்மணி. ஐசியூ செவிலியர் மணிக்கொரு தரம் இமையை விலக்கி, டார்ச் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவருகிறார். இரண்டு கண்மணியும் சட்டெனச் சுருங்கினால் நிம்மதி. ஒன்று மட்டும் விரிந்தே நின்றால், உள்ளே அழுத்தம் ஏறி நரம்பை நெருக்குகிறதோ என்ற சந்தேகம். உடனே டாக்டர், சிடி ஸ்கேன். எத்தனை நுட்பமான வேலை இது!

1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனட்டும் வகுத்த நினைவுநிலை அளவுகோல் கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் பார்க்கிறது.

மூளை உறையடியில் கசிவென்றால், முதல் இரண்டு வாரம் ரத்தநாளங்கள் இறுகும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் இந்தச் சோதனை விடாமல் தொடர்கிறது. நோயாளியை ஏன் இப்படிப் படுத்துகிறார்கள் என்று செவிலியரிடம் கோபிக்காதீர்கள், தயவுசெய்து வழிவிடுங்கள்.